கின்னௌரில் பத்து நாள்: மழை ஓய்ந்து பனி இறங்கும் முன்

செப்டம்பர் 22, மூட்டை கட்டும் நாள்

இமாசலப் பிரதேசத்தில் பருவமழை செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் விலகும். அக்டோபர் பாதியைத் தாண்டினால் கின்னௌரின் மேல் கிராமங்களில் குளிர் கடுமையாகிவிடும். நடுவில் கிடைப்பது மூன்று வாரம். ஆப்பிள் அறுவடை, சிவந்து நிற்கும் ஓக்லா என்கிற பயிரின் வயல், மழை கழுவிய வானம் எல்லாம் அந்த மூன்று வாரத்துக்குள்தான்.

ஆகஸ்டில் தள்ளுபடி விலையில் அறை கிடைக்கிறதே என்று போகாதீர்கள். 2021 ஜூலை 25 அன்று சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் மலையிலிருந்து பாறைகள் உருண்டு வந்து பாலத்தையே உடைத்துப் போட்டன. சுற்றுலா வந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் 11ஆம் தேதி நிகுல்சாரியில் பேருந்தின் மேலேயே மலை சரிந்தது. இரண்டும் மழை மாதங்கள்.

குளிருக்கென்று தடித்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி, உள்ளே பருத்தி பனியனோடு போட்டுக்கொள்வது நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மேடேறும்போது வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்ற மறுநிமிடம் முதுகு சில்லிட்டுப்போகும். உடம்போடு ஒட்டிய தெர்மல் இரண்டு செட், மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட் போதும். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. அதில் ஒன்று இரவுக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு நடந்து ஈரமாக்கிவிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் வெளியே வராது, அகல வாய் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டுக்குத் தடவ ஏதாவது, கறுப்புக் கண்ணாடி, ஒரு லிட்டர் பிளாஸ்க், டார்ச். வளைவுப் பாதையில் வாந்தி வருபவர்கள் அவோமின் மாத்திரையை வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு விழுங்குவது வீண்.

செப்டம்பர் 24, கல்கா – சிம்லா

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து நேதாஜி எக்ஸ்பிரஸ் (பழைய கல்கா மெயில்) பிடித்தால் விடியற்காலையில் கல்கா. எதிரே சின்ன ரயில் நிற்கும். 1903இல் திறந்த பாதை. 96 கிலோமீட்டர், 102 குகைகள், ஐந்து மணி நேரத்துக்கு மேல். 656 மீட்டரில் கிளம்பி 2,000 மீட்டரைத் தாண்டிக் கொண்டு விடும். உடம்பு மலைக்குப் பழக இதைவிட நிதானமான வழி இல்லை. பரோக் குகை 1,143 மீட்டர் நீளம். அதைக் கடந்ததும் வரும் நிலையத்தில் வண்டி சற்று நிற்கும், டீயும் கட்லெட்டும் அங்கே முடித்துக்கொள்ளலாம்.

தங்குவதற்கு மால் ரோடு பக்கம் போக வேண்டாம். சிம்லாவுக்கு முந்தைய நிலையம் சம்மர் ஹில். பல்கலைக்கழகம் இருக்கும் பகுதி, தேவதாரு மரங்கள் சூழ்ந்தது, சந்தடி குறைவு. நாளைய பேருந்து தூட்டிகண்டி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். ஊருக்குள் இருக்கும் பழைய பேருந்து நிலையத்தில் போய் நின்று ஏமாறுபவர்கள் நிறைய.

இரவுத் தங்கல்களின் உயரத்தைப் படிக்கட்டு போல வைத்திருக்கிறோம்: சிம்லாவும் சராஹனும் ஏறக்குறைய 2,200 மீட்டர், சாங்லா 2,700, ரக்சம் 3,050, சித்குல் 3,450. மூவாயிரத்துக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவம் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கை எங்கே என்பதுதான் முக்கியம். சாங்லாவிலிருந்து நேரே சித்குல் போய்ப் படுத்தால் 750 மீட்டர் ஏற்றம். அங்கே தலைவலியோடு விழித்திருப்பவர்களில் பெரும்பாலோர் ரக்சத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தான்.

செப்டம்பர் 25, சிம்லா – சராஹன்

170 கிலோமீட்டரை ஒட்டிய தூரம், ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழுக்குள் கிளம்பிவிட வேண்டும். நார்கண்டா வரை ஏற்றம், அதன் பிறகு சட்லஜ் ஆற்றங்கரை வரை இறக்கம். ராம்பூர் ஆயிரம் மீட்டர்தான். ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். பணம் எடுப்பது, பெட்ரோல், மருந்துக் கடை எல்லாவற்றையும் ராம்பூரிலேயே முடித்துவிடுங்கள். சித்குலில் ஏடிஎம் கிடையாது. மேலே போனால் சிக்னல் போய்ப் போய் வரும், ஜிபே கைகொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஜியோரியில் நெடுஞ்சாலையை விட்டு 17 கிலோமீட்டர் ஏறினால் சராஹன்.

செப்டம்பர் 26, சராஹன்

இன்று எங்கும் போகாத நாள். பீமாகாளி கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தலையில் தொப்பி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், வாசலிலேயே தருவார்கள். தோல் பெல்ட், பர்ஸ், கேமரா எல்லாம் லாக்கரில்.

கோயிலின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். காட்-குணி என்று சொல்லும் கட்டு முறை. தேவதாரு உத்திரம் இரண்டை இணையாகப் படுக்கவைத்து, நடுவிலுள்ள இடைவெளியைக் கல்லால் நிரப்பி, அதன் மேல் ஒரு வரிசைக் கல், மறுபடியும் உத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போயிருப்பார்கள். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லை. இரண்டு சுவர் சேரும் மூலையில் உத்திரங்கள் ஒன்றன் மேல் ஒன்று மாறி மாறி ஏறியிருக்கும், நாம் விரல்களைக் கோத்துக்கொள்வது மாதிரி. நிலம் நடுங்கும்போது கல் நகரும், மரம் வளையும், சுவர் நிற்கும். நம் ஊரில் கல்லின் கனமே கோயிலைத் தாங்குகிறது. இங்கே அந்தக் கனத்தோடு மரத்தின் நெகிழ்வும் சேர்ந்து தாங்குகிறது.

செப்டம்பர் 27, சராஹன் – சாங்லா

மறுபடி ஜியோரிக்கு இறங்கி சட்லஜோடு மேலே. தராண்டாவில் பாதை செங்குத்துப் பாறையைக் குடைந்து போகும். தலைக்கு மேலேயும் பாறை, ஒரு பக்கம் அதலபாதாளம். அங்குள்ள தேவி கோயிலில் ஓட்டுநர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். நேரமாகிறது என்று அவசரப்படுத்த வேண்டாம்.

கர்ச்சத்தில் பாஸ்பா ஆறு சட்லஜில் கலக்கிறது. அங்கே பாலத்தைக் கடந்து பாஸ்பா பள்ளத்தாக்குக்குள் திரும்ப வேண்டும், சாங்லாவுக்கு இன்னும் 18 கிலோமீட்டர். இந்தப் பாதை ஒடுக்கம். எதிரே ஆப்பிள் லாரி வந்தால் ஒரு வண்டி பின்னால் போயே ஆக வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரியாதை. ஆனால் கனமான லாரி இறங்கி வந்தால் கார்க்காரர் ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம். சொந்தமாக ஓட்டுபவர்கள் மதியம் இரண்டு மணிக்குள் சாங்லா சேரும்படி கிளம்புங்கள். மழை பெய்தால் பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்கிறது, கல் விழுவதும் அதையொட்டித்தான்.

செப்டம்பர் 28, சாங்லா

சாங்லா கடைத்தெரு ஒன்றும் அமைதியான இடமில்லை. அறுவடைக் காலத்தில் பெட்டி அடிக்கும் சத்தம், லாரி ஹாரன், கூலிக்கு வந்த நேபாளத் தொழிலாளர்களின் பேச்சு என்று களைகட்டியிருக்கும். அதனால் தங்குவதைக் கடைத்தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி, ஆற்றுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பதைவிட, வெந்நீர் கீசரிலா விறகு அடுப்பிலா என்று கேட்பது நல்லது. கரண்ட் போனால் கீசர் வெறும் அலங்காரம். விறகு அடுப்புள்ள வீட்டில் காக்கா குளியலுக்காவது ஒரு வாளி கிடைக்கும்.

கம்ரூ கோட்டை மேலே கிராமத்துக்குள் இருக்கிறது. படிக்கட்டும் சந்துமாக அரை மணி நேர ஏற்றம். இங்கே தொப்பியோடு இடுப்பில் கச்சையும் கட்டித்தான் உள்முற்றத்துக்குள் விடுவார்கள், கோபுரத்துக்குள் ஏற அனுமதி இல்லை.

மதியத்துக்கு மேல் தோட்டங்கள் வழியே நடக்கலாம். வேலி ஓரம் தொங்குகிறதே என்று கை நீட்டாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம். கேட்டால் பெரும்பாலும் அவர்களே ஒன்றைப் பறித்துத் தருவார்கள். பறிக்கச் சொன்னால் பறிக்கும் விதம் இது: பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, லேசாக மேலே தூக்கி, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். காம்பு பழத்தோடு வர வேண்டும். கீழே இழுத்தால் காம்பு மரத்தில் தங்கிவிடும், அந்தக் குழியிலிருந்து பழம் அழுக ஆரம்பிக்கும். அல்லது அடுத்த வருஷம் பூக்க வேண்டிய மொட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். விரல் நுனியால் அழுத்திப் பிடித்தாலும் மறுநாள் அந்த இடம் பழுப்பாகிவிடும். பறித்ததைக் கூடையில் போடக் கூடாது, வைக்க வேண்டும்.

இந்த மாதத்தில் கின்னௌரின் பல கிராமங்களில் உக்யாங் என்கிற பூத்திருவிழா நடக்கும். ஃபூலாய்ச் என்றும் சொல்வார்கள். மேல் மலைக்குப் போய்க் காட்டுப் பூக்களைப் பறித்து வந்து கிராம தேவதைக்குச் சாத்துவார்கள். தேதி ஊருக்கு ஊர் மாறும், வெளியூர்க்காரர் கணக்குப் போட்டு வர முடியாது. நீங்கள் தங்கும் ஊரில் அமைந்தால் ஓரமாக நின்று பார்க்கலாம், தேவதையின் பல்லக்கைத் தொடக் கூடாது.

செப்டம்பர் 29, ரக்சம்

சாங்லாவுக்கும் சித்குலுக்கும் ஏறக்குறைய நடுவில். பெரும்பாலான கார்கள் இங்கே நிற்பதேயில்லை. அதுவே ரக்சத்தின் யோகம். ஆறு இங்கே அகன்று, சரளைக் கற்களுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடும். இரண்டு கரையிலும் ஓக்லா வயல். ஓக்லா என்பது பக்வீட், தானியம் மாதிரி இருந்தாலும் புல் இனம் இல்லை. ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். இப்போது பூ உதிர்ந்து தண்டு முழுக்கச் செம்மண் நிறம். அறுத்துக் கட்டுக் கட்டாக நிறுத்திக் காயவைத்திருப்பார்கள். ஓக்லா மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றிச் சுடும் சில்டா, நம் கோதுமை தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. சூட்டோடு தின்ன வேண்டும், ஆறினால் ரப்பர்.

வீட்டுத் தங்கலில் ராச்சாப்பாட்டை மாலை நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகுதான் ராஜ்மாவையே குக்கரில் போடுவார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், சித்குலில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. சோறும் நடுவில் அரிசியாகவே நிற்கும். காபிப்பொடி கொண்டுபோகிறவர்கள் பொடியைக் கால் பங்கு கூட்டிப் போடுங்கள், டிகாஷன் இங்கே சீக்கிரம் இறங்காது.

செப்டம்பர் 30, சித்குல்

ரக்சத்திலிருந்து 10 கிலோமீட்டர். சுமையை வண்டியில் அனுப்பிவிட்டு நடந்தே போகலாம், நாலு மணி நேரம் ஆகும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

இன்று ராத்திரி தலை லேசாகக் கனத்தால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர், சூப், சீக்கிரம் படுக்கை. மதுவும் தூக்க மாத்திரையும் மட்டும் கூடவே கூடாது, இரண்டும் தூக்கத்தில் மூச்சை மட்டுப்படுத்தும். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்து, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே வண்டி பிடித்து சாங்லாவுக்கு இறக்குங்கள். இறக்கத்துக்கு ஈடான மருந்து இல்லை. உயரத்தால் வரும் இந்த உபாதைக்கு அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து காலை ஒன்று, இரவு ஒன்று என்பது வழக்கமான முன்தடுப்பு அளவு. சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்தப் படிக்கட்டில் ஏறி வருகிறவர்கள் பலருக்கு அது தேவைப்படாது.

அக்டோபர் 1, சித்குல்

அமைதி இங்கே கடிகாரத்தில் இருக்கிறது. சாங்லாவிலிருந்து கார்கள் பத்து, பத்தரைக்கு வர ஆரம்பிக்கும். கடைசி கிராமம், கடைசி தாபா என்று எழுதிய பலகைகளின் முன்னால் படம் எடுத்து, மேகி சாப்பிட்டு, நாலு மணிக்குள் இறங்கிவிடும். ஆகவே காலை ஆறு முதல் பத்து, மாலை நாலுக்கு மேல், இந்த இரண்டு பொழுதும் ஊர் உங்களுடையது. நடுவில் ஆற்றங்கரைக்கு இறங்கிவிடுங்கள், சாலையின் சத்தம் கீழே எட்டாது. கிழக்கே நாகஸ்தி பக்கம் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி வரை நடக்கலாம், அதற்கு மேல் விட மாட்டார்கள். ஆதார் பையில் இருக்கட்டும்.

காலைப் பொழுதில் பார்க்க வேண்டியது கராட், தண்ணீரில் ஓடும் மாவு ஆலை. ஓடைக்குக் குறுக்கே ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கல் வீடு. குடைந்த மரத்தொட்டி வழியாகச் சரிவில் பாயும் தண்ணீர், தரைக்கு அடியில் படுத்த வாக்கில் இருக்கும் மரச் சக்கரத்தின் இதழ்களில் மோதும். சக்கரத்தின் அச்சு தரை வழியே மேலே வந்து, அடிக்கல்லின் நடுத்துளையைக் கடந்து, மேல்கல்லைச் சுழற்றும். நம் வீட்டுத் திருகையேதான், கைப்பிடிக்குப் பதில் ஓடை. மேலே கூம்பு வடிவக் கூடையில் தானியம் தொங்கும். அதில் கட்டிய ஒரு குச்சியின் நுனி சுழலும் கல்லின் மேல் உரசிக்கொண்டிருக்கும். கல் சுற்றச் சுற்றக் குச்சி துள்ளும், கூடை ஆடும், தானியம் நாலு நாலாக உள்ளே விழும். தண்ணீர் குறைந்தால் கல் மெதுவாகும், துள்ளலும் குறையும், தானியமும் குறைவாகவே விழும். யாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கூடையையோ குச்சியையோ தொடாதீர்கள். தானியம் நின்று கல்லோடு கல் உரசினால் மாவில் மண் விழும், கொத்தின கல்லும் மழுங்கும்.

இங்கே இரவில் இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்கும். போன் பேட்டரி குளிரில் மளமளவென்று இறங்கிவிடும், போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

அக்டோபர் 2, சித்குல் – கல்பா

காந்தி ஜெயந்தி விடுமுறைக்கு டெல்லியும் சண்டிகரும் இன்று மேலே ஏறி வரும். அதனால்தான் இன்று நாம் இறங்குகிறோம். காலைப் பேருந்து விடியும்போதே கிளம்பிவிடும். நேரத்தை முந்தின நாள் மாலையே ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ச்சம் இறங்கி, ரெக்காங் பியோவில் வண்டி மாறினால் கல்பா இன்னும் ஏழு கிலோமீட்டர்.

கல்பாவில் எல்லா விடுதியும் கின்னர் கைலாசத்தின் சூரிய உதயக் காட்சி என்று விளம்பரம் செய்யும். நம்பி நாலரை மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். மலை கிழக்கே இருக்கிறது; சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால்தான் எழும். காலையில் தெரிவது கறுத்த மலையின் விளிம்பு மட்டும், ஊருக்குள் வெயில் வரவும் தாமதமாகும். நம் பக்கத்து முகத்தில் ஒளி விழுவது மாலையில். ஐந்து மணிக்கு மேல் வெள்ளை பொன்னாகி, பொன் ரோஜாவாகி, சட்டென்று சாம்பலாகிவிடும். கூட்டமாகத் தெரியும் சிகரங்களில் மிக உயரமானது 6,473 மீட்டர் ஜோர்கண்டன். கின்னர் கைலாசம் 6,050 மீட்டர்தான். சிவலிங்கம் என்று கும்பிடும் பாறைத் தூண் முகட்டில் ஒரு குச்சி போலத் தெரியும், பைனாகுலர் இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அக்டோபர் 3, கல்பா – ரோகி

இந்த ஊரின் பழைய பெயர் சினி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், பனி விழுந்து பாதை மூடும் முன் முடித்துவிட வேண்டும் என்று இங்கே 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடத்தினார்கள். நாட்டின் பெரும்பகுதி 1952இல்தான் வாக்களித்தது. இந்தியாவின் முதல் வாக்காளர் என்று பெயர் பெற்ற பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி கல்பாக்காரர். 2022 நவம்பரில் காலமானார்.

ரோகி கிராமத்துக்குத் தோட்டங்கள் வழியே நடக்கலாம், போக இரண்டு மணி நேரம். பாறைச் சரிவில் சாம்பலும் பச்சையுமாகப் பட்டை உரிந்து நிற்கும் பைன் மரங்கள் சில்கோசா. உள்ளூர்ப் பெயர் நியோசா. இந்த வாரங்களில் ஆள் மரமேறி, கொக்கி கட்டிய கோலால் பச்சைக் கூம்புகளை இழுத்துப் போடுவார்கள். வெடித்த பிறகு பறித்தால் விதை சரிவில் சிதறிவிடும் என்பதால் வெடிக்கும் முன்பே பறித்து, குவித்து வைத்து, தானாக வாய் திறந்ததும் தட்டி விதை எடுக்கிறார்கள். மரத்தடியில் நிற்காதீர்கள், கூம்பு தலையில் விழுந்தால் தேங்காய்க்குக் கொஞ்சம்தான் குறைச்சல். கூம்பு அத்தனையும் இறங்கிவிடுவதால் முளைக்க விதை மிஞ்சுவதில்லை. இளங்கன்று கண்ணில் படுவது அரிது.

அக்டோபர் 4, இறக்கம்

ரெக்காங் பியோவிலிருந்து சிம்லாவுக்குப் பேருந்தில் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. டெல்லிக்கு நேர்ப் பேருந்தும் உண்டு. முதுகு சம்மதித்தால் போகலாம், இல்லையென்றால் ராம்பூரில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்னால் ஒரு முழு நாள் உபரியாக வையுங்கள். வானம் தெளிவாக இருந்தாலும் எங்காவது மண் சரிந்தால் அரை நாள் நின்றே ஆக வேண்டும், ஜேசிபி வந்து தள்ளும் வரை வேறு வழி கிடையாது.

ஆப்பிள் பெட்டி ஒன்று 20 கிலோ. ரயில் மாறி மாறித் தூக்க முடியாது. ஐந்து கிலோவைத் துணிப்பையில் போட்டு, பழத்துக்குப் பழம் செய்தித்தாள் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப்போகும். காம்பில்லாத பழத்தை வழியிலேயே தின்றுவிடுங்கள். வீடு சேர்ந்ததும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், கீரையும் வாழைப்பழமும் இல்லாத பக்கமாக வைக்க வேண்டும்; ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், வாழையை இரண்டே நாளில் கறுக்க வைக்கும். சில்கோசாவை ஓட்டோடு வாங்குங்கள். உரித்து வைத்தது எண்ணெய் விட்டு சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும்.